எலும்பு சரியாகத்தான் இருக்கிறது

போன மாதம் எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு வகுப்பு நடந்தது. தெரணியகலையிலிருந்து வருகிற பஸ் திரும்புகிற இடத்தில்தான் வாசிகசாலை. கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். பயிற்சி கொடுத்து உடம்பு வலியைத் தீர்க்கிற படிப்புப் படித்தவராம். பெரிய பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை எடுத்து, கம்பியில் இருந்த கொக்கியில் மாட்டினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்களுக்குத் தோள்வலி ஏன் வருகிறது என்பது அன்றைய பாடம்.

மிஸ் நன்றாகத்தான் பேசினார். குறை சொல்லமாட்டேன். கடைசியில் பயிற்சி என்று சொல்லி, எல்லோரும் இரண்டு கைகளையும் காதோடு ஒட்டுகிற மாதிரி மேலே தூக்கச் சொன்னார். நாங்கள் தூக்கினோம். எனக்குப் பக்கத்தில் தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கை காதுக்குப் போனது. வலது கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது.

"அம்மா, நீங்க இன்னும் தூக்கலாம். பயப்படாதீங்க. முயற்சி செஞ்சா வரும்" என்றார் மிஸ்.

"தனக்காவுக்கு அங்கதான் பிரேக்கு, மிஸ்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். தனமும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழும்பி நின்றேன்.

"மிஸ், அவ தூக்கினது முழுசுதான். அந்த அளவுக்குத் தூக்குறதுக்கே அவ பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. முயற்சி பண்ணு, பயப்படாதன்னு அவளுக்கு மட்டும் சொல்லாதீங்க."

என் சத்தம் எப்போதும் கொஞ்சம் பெரிதுதான். கூட்டம் கலைந்த பிறகு மிஸ் என்னிடம் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்றேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கள், எங்கள் பத்திரிகையில் போடுகிறோம் என்றார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எந்த இடத்தில் எந்த ன போடுவது என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் பெயர் ராக்கம்மா. பதினோரு வருடம் பால் வெட்டினேன். அதன் பிறகு இருபத்தாறு வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும்தான். இப்போது அதில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

பால் வெட்டுகிறவளைத் தள்ளி நின்று பார்த்தால் கை வெட்டுவது போலத் தெரியும். கை வெட்டுவதில்லை. மணிக்கட்டையும் முழங்கையையும் பூட்டிக்கொண்டு, மரத்தைச் சுற்றிக் கால் நடக்க வேண்டும். கால் நடந்தால் இடுப்பு திரும்பும். இடுப்போடு தோள் வரும், தோளோடு கத்தி வரும். கையால் மட்டும் இழுத்தால் கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் விழும். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்கக் கங்காணியின் வாயைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உடம்பில் எந்த இடம் எந்த இடத்தை இழுக்கிறது என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ரப்பர் மரம்தான்.

இரண்டாவதாகச் சொல்லிக்கொடுத்தவர் ஆஸ்பத்திரி ஐயா. அவர் டொக்டர் படிப்புப் படித்தவர் இல்லை, மருந்து கொடுக்கிற உத்தியோகத்தர். ஆனால் தோட்டத்தில் அவர்தான் எங்களுக்கு டொக்டர் ஐயா. பழைய ஆயா வேலையை விட்டுப் போனபோது, கை சுத்தமான, பேச்சுக் குறைந்த பொம்பளை ஒருத்தி வேண்டும் என்று, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் கேட்டார். கை சுத்தம் என்று என்னைக் கொடுத்தார்கள். பேச்சைப் பற்றி யாரும் அவரிடம் மூச்சு விடவில்லை.

முதல் வருடம் முழுவதும் தண்ணீர் கொதிக்க வைத்தேன், பண்டேஜ் துணி துவைத்துச் சுருட்டினேன். அதன் பிறகு எலும்பு முறிந்து வருகிறவர்களைப் பிடித்துக்கொள்ளப் பழக்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு லொறியில் அனுப்பும் வரை முறிந்த இடம் அசையாமல் கட்டிவிட வேண்டும். முறிவுக்கு மேலே இருக்கிற மூட்டு, கீழே இருக்கிற மூட்டு, இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பலகைக்கும் தோலுக்கும் நடுவில் பஞ்சு. கட்டிய பிறகு விரல் நகத்தை அமுக்கி விட்டால் சிவப்பு திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கட்டு இறுக்கம்.

"முறிஞ்சது நடுவுலதானேங்க, மூட்டை எதுக்குக் கட்டுறோம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

ஐயா தன் சட்டைக் கையை மடித்து, முழங்கையை மடக்கிக் காட்டினார். "இந்த முன்பக்கச் சதைய தொட்டுப் பாரு. சுருங்குதா? பின்பக்கத்தத் தொடு. தளர்ந்து குடுக்குதா? இப்ப நீட்டுறேன். பின்னுக்கு இருக்கிறது இழுக்குது, முன்னுக்கு இருக்கிறது விட்டுக்குடுக்குது. சதைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதுனால ரெண்டு பக்கமும் ஆள் வேணும். எலும்பு சும்மா ஒரு கம்பு. மூட்டு அசைஞ்சா சதை இழுக்கும், சதை இழுத்தா முறிஞ்ச முனை உள்ளுக்குள்ள குத்தும்."

தொடை எலும்பு முறிந்தவனுக்குக் கால் ஏன் குட்டையாகத் தெரிகிறது என்றும் அவர்தான் சொன்னார். சுற்றியிருக்கிற பெரிய சதைகள் இழுத்து, முறிந்த துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிவிடுமாம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்த மனிதர் அவர். என் கோபம் இத்தனை வருடமாகியும் ஆறாததற்கு அதுதான் காரணம். தெரியாத ஆள் ஒரு பிழை செய்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடலாம். இவருக்குத் தெரியும்.

அவருடைய நடப்பைச் சொல்ல வேண்டும். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. பாம்பு கடித்தது என்று கேட்டால் சாப்பாட்டுக் கையோடு ஓடுவார். அதெல்லாம் உண்மை. ஆனால் அவர் நம்புவது இரண்டைத்தான். ஒன்று இரத்தம், மற்றது வீக்கம். இரண்டும் இல்லாமல் வலி என்று வந்தால் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டார். "என்னா? எத்தன நாளா?" என்று புத்தகத்தைப் பார்த்தே கேட்பார். பதில் சொல்வதற்குள் எழுதி முடித்திருப்பார். பொம்பளைகள் என்றால் இன்னும் மோசம். ரவிக்கைக்கு மேலாகப் பென்சில் முனையால் தொட்டுப் பார்ப்பார். அது மரியாதை என்று அவர் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிற்பாடு அந்த மரியாதைதான் ஒருத்தியின் கையைத் தின்றது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. பொம்பளைகளைச் சோதித்து எழுதினால் பக்கத்தில் நின்ற ஆயா சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். முன்னே இருந்த ஆயா பெருவிரல் வைத்தாள். நான் கையெழுத்தே போட்டேன். அதில் எனக்குப் பெருமை. ஒவ்வொரு எழுத்தாக, மேசையில் முழங்கையை ஊன்றிப் போடுவேன்.

இனித் தனத்துக்கு வருகிறேன்.

தனலெட்சுமி ஆறாம் நம்பர் மலையில் முதல்தரமான வெட்டுக்காரி. கிழட்டு மரங்களில் கீழ்ப்பட்டை முடிந்துவிட்டால் நீளமான கம்பில் கத்தியைப் பூட்டி, தலைக்கு மேலே வெட்ட வேண்டும். மேல்வெட்டு என்போம். தோளைத் தின்கிற வேலை அது. அவள் இரண்டு வருடமாக அதைத்தான் செய்தாள். புருஷன் செத்துப்போய்விட்டான். வீட்டில் மாமியாரும் இரண்டு பெண் பிள்ளைகளும். லயத்துக் காம்பரா, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீட்டு அறை, அவள் பெயரில் இருந்தது. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவில், பெயர் இருக்கும் வரைதான் காம்பரா. பெயரை வெட்டினால் சட்டி பானையோடு இறங்க வேண்டியதுதான்.

ஒரு மழை நாள், பால் வாளியோடு கல் படியில் இறங்கும்போது வழுக்கினாள். விழாமல் இருக்க வலது கையால் ஒரு மரத்தைப் பிடித்திருக்கிறாள். உடம்பு கீழே போய்விட்டது, கை மேலேயே நின்றது. தோளுக்குள்ளே ஈரத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று என்னிடம் சொன்னாள்.

நான்தான் துணியை முக்கோணமாக மடித்துக் கையைக் கழுத்தோடு தொங்கவிட்டேன். டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள். எலும்பு முறியவில்லை. வலி குறையாவிட்டால் திரும்பக் கூட்டிவரும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஐயா அந்தத் துண்டில் 'எலும்பு முறியவில்லை' என்ற வரியை மட்டும்தான் வாசித்தார்.

ஒரு மாதம் கழித்துத் தனத்தை உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக் கையை மேலே கொண்டுபோனார். காது வரைக்கும் போனது. தனம் பல்லைக் கடித்தாள், ஆனால் கை போனது.

"பாத்தியா ராக்கம்மா? முழுசாப் போகுது."

"போகுதுங்க ஐயா."

அவர் கையை விட்டார். கை அப்படியே கீழே விழுந்து மேசை விளிம்பில் அடித்தது. தனம் 'அம்மா' என்று கத்தினாள்.

"இப்ப நீயே தூக்கு."

தூக்கப் பார்த்தாள். தோள் காதை நோக்கி ஏறியது, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கை மட்டும் விலாவை விட்டு ஒரு சாண்கூட வரவில்லை.

"எலும்பு சரி. மூட்டுச் சரி. நான் தூக்கினாப் போகுது, நீ தூக்கினாப் போகாதா? பொரு வேல காட்டாத, தனம்." பொரு என்றால் சிங்களத்தில் பொய். அந்தப் பக்கத்தில் எல்லோர் வாயிலும் வருகிற வார்த்தை.

"பொய் இல்லீங்க ஐயா. கை எங்கிட்ட இல்லாத மாதிரி இருக்குங்க."

'கை முழுதாக எழும்புகிறது. வேலைக்குத் தகுதி' என்று எழுதிப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நான் முழங்கையை ஊன்றி, ராக்கம்மா என்று எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. "மனச தைரியமா வச்சுத் தூக்கிப் பழகு, தனம்" என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அவளை மேல்வெட்டுக்கே அனுப்பினார்கள். ஆறு வாரம் பக்கத்து நிரைப் பொம்பளைகள் தங்கள் மரத்தை முடித்துவிட்டு, கங்காணிக்குத் தெரியாமல் அவளுடைய மரங்களையும் வெட்டிக் கொடுத்தார்கள். ஒருநாள் கங்காணி பார்த்துவிட்டார். கதை கணக்கப்பிள்ளைக்குப் போனது. திங்கட்கிழமை தோட்டத்தை நடத்துகிற துரை ஆஸ்பத்திரியைப் பார்க்க வருவார், அப்போது முடிவு, பெயர் வெட்டுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ரோதை முனிக்குச் சேவல் அறுத்த நாள். ரோதை முனி எங்கள் பெக்டரி இயந்திரத்துக்குக் காவல் சாமி. வருடம் ஒருமுறை பூசை. நான் தண்ணீர் விழுகிற பீலியடியில் சேவல் கால்களைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். வெட்டிய காலின் மேல்முனையில் வெள்ளையாக ஒரு நரம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் நகங்கள் எல்லாம் மடங்கும். சின்ன வயதில் அதை வைத்து ஒருவரை ஒருவர் பயமுறுத்துவோம். கை பழக்கத்தில் இழுத்தேன். கால் மூடியது. விட்டேன், திறந்தது. அடுத்த காலை எடுத்து இழுத்தேன். மூடவில்லை. பார்த்தால், அதில் கத்தி பின்பக்கமாக ஆழ இறங்கி நரம்பை நடுவில் அறுத்திருந்தது. என் விரலால் நகத்தை மடக்கினேன். சுகமாக மடங்கியது. நரம்பை இழுத்தேன். ஒன்றுமில்லை.

திரும்பவும் மடக்கினேன். திரும்பவும் இழுத்தேன். எலும்பு சரி. மூட்டுச் சரி. நான் மடக்கினால் மடங்குகிறது. இரண்டு கால்களையும் தனியாக எடுத்து வைத்தேன்.

நேராகத் தனத்தின் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ரவிக்கையைக் கழற்றச் சொன்னேன்.

"என்னாக்கா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றாள்.

"வாய மூடிட்டுத் திரும்பி உக்காரு."

இரண்டு தோள்பட்டையிலும் ஒரே நேரத்தில் கை வைத்தேன். இடது பக்கம் பட்டை எலும்பின் மேல் சதை மெத்தென்று இருந்தது. வலது பக்கம் என் விரல் பள்ளத்தில் விழுந்தது. எலும்பின் விளிம்பு வரப்பு மாதிரி துருத்தி நின்றது, அதற்கு மேலும் பள்ளம், கீழும் பள்ளம். இரண்டரை மாதமாக இழுக்க முடியாத சதை வற்றிப்போயிருந்தது. ரவிக்கைக்கு மேல் பென்சிலால் தொட்டவருக்கு இது எப்படித் தெரியும்? நான் பொம்பளை, பக்கத்திலேயே நின்றவள், எனக்கு ஏன் தெரியவில்லை?

"தனம், நான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

"தெரியுங்க. பாத்தேன். ரொம்ப அழகா போட்டீங்க" என்றாள்.



திங்கட்கிழமை காலை இரண்டு சேவல் கால்களையும் சேம்பிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஐயாவின் நாற்காலியில் துரை உட்கார்ந்திருந்தார். ஐயாவும் கணக்கப்பிள்ளையும் நின்றார்கள். தனம் வாசலில் நின்றாள். நான் இலையை மேசையில் வைத்துப் பிரித்தேன்.

"என்னா ராக்கம்மா, எனக்குச் சாப்பாடா?" என்று துரை சிரித்தார்.

"துரைக்கு முன்னுக்கு என்னா இது அசிங்கம்? எடு!" என்றார் ஐயா.

"எடுக்கிறேங்க. ரெண்டு நிமிசம் பாத்துட்டுச் சொல்லுங்க." முதல் காலின் நரம்பை இழுத்தேன். மூடியது. "இது நல்ல கால். இது நரம்பு அறுந்த கால். இழுக்கிறேன், பாருங்க. மூடல. இப்ப என் விரலால மடக்குறேன். மடங்குது. எலும்பு முறியல, மூட்டுப் பிசகல. இந்தக் கால் பொய் சொல்லுதுங்களா, ஐயா?"

"கோழியும் மனுசனும் ஒண்ணா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"சதை இழுத்தாத்தான் எலும்பு அசையும்னு எனக்குச் சொல்லித் தந்தது ஐயாதாங்க. கோழிக்கு வேற, தனத்துக்கு வேறன்னு அன்னைக்கு ஐயா சொல்லல."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ நடிக்கிறா. கை போகுதுன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்க."

"போட்டேங்க. அது என் பிழை. கைய நடிக்கலாம், ஐயா. வாய நடிக்கலாம். முதுகுச் சதைய வத்த வச்சு நடிக்க முடியுங்களா? தெரைக்குப் பின்னால கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பக்கமும் கை வச்சுப் பாருங்க. பென்சில் வேணாம்."

துரை சேவல் காலை எடுத்து, தானே நரம்பை இழுத்துப் பார்த்தார். இரண்டு தடவை இழுத்தார். பிறகு ஐயாவைப் பார்த்து, "போய்ப் பாருங்க" என்றார்.

திரைக்குப் பின்னால் ஐயாவின் விரல் பள்ளத்தில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். முகம் மாறியது. வெளியே வந்து, "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்" என்று மட்டும் சொன்னார். பிழை என்று சொல்லவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டொக்டர் ஒரு நோனா, சிங்கள அம்மா. தனத்தின் கையைத் தொடுவதற்கு முன்பே பின்பக்கம் போய் நின்று முதுகைப் பார்த்தார். பார்த்த உடனே "ஐ மெச்சர கல் ஹிட்டியே?" என்றார், ஏன் இத்தனை நாள் இருந்தாய் என்று. எலும்பு சரி என்று எழுதிவிட்டார்கள் என்று தனம் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். தோளுக்குள் சதையை எலும்போடு கட்டுகிற நரம்பு அறுந்து உள்ளே சுருங்கிப் போயிருந்தது. தசைநாண் என்று அதற்குப் பெயராம், மிஸ் சொல்லித்தான் இப்போது தெரியும். தைத்தார்கள். முதல் மாதமே வந்திருந்தால் கை முழுதாக வர நல்ல வாய்ப்பு இருந்தது என்றார் நோனா. பல மாதப் பயிற்சிக்குப் பிறகு கை தோள் உயரம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவள் தன் தலையைத் தானே இடது கையால் சீவிக்கொள்கிறாள். கோயிலில் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்ப அவளால் முடியாது.

பெயர் வெட்டப்படவில்லை. பிள்ளைக் காம்பராவில் வேலை கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. காம்பரா தப்பியது. எல்லோரும் நல்லதாக முடிந்தது என்றார்கள். என்ன நல்லது? ஒரு மனுஷி வலிக்கிறது என்று சொன்னால் நம்புவதற்கு ஒரு சேவல் சாக வேண்டியிருந்தது.

அந்தப் பக்கத்தைத் திருத்தும்படி ஐயாவிடம் கேட்டேன். எழுதியது எழுதியதுதான், புத்தகத்தில் கை வைக்கக் கூடாது என்றார். அவர் சாப்பிடப் போன நேரம் நான் புத்தகத்தை எடுத்து, என் கையெழுத்தை மட்டும் கோடு போட்டு வெட்டினேன். கீழே எழுதினேன்: 'கை எழும்பவில்லை. நான் போட்ட சாட்சி பிழை. ராக்கம்மா.' அதுவரைக்கும் என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. ஐயா பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்கு வெளியே நிறுத்திச் சத்தம் போட்டார். பிரட்டுக்களம் வரை கேட்டதாம். கேட்கட்டும். ஆனால் அந்தப் பக்கத்தை அவர் கிழிக்கவில்லை. அதற்குப் பிறகு தோள்வலி என்று எந்தப் பொம்பளை வந்தாலும், எழுதுவதற்கு முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ராக்கம்மா, முதுகு பாத்தியா?" என்று கேட்பார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

வகுப்பு நாளில் கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மிஸ் சாமான்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். எலும்புக்கூடு இன்னும் கொக்கியில் தொங்கியது. தனம் அதன் பக்கத்தில் போய், தன் இடது கையால் அதன் வலது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினாள். மண்டையைத் தாண்டிப் போனது.

"பாத்தீங்களா மிஸ், முழுசாப் போகுது" என்றாள். பிறகு கையை விட்டாள். அது கடகடவென்று விழுந்து இடுப்பெலும்பில் அடித்து ஆடியது.

"இதுக்கும் எலும்பு சரியாத்தான் இருக்கு."

மிஸ் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, தனத்துக்குப் பின்பக்கமாக வந்து நின்றார்.

"அம்மா, உங்க முதுகைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டார்.